வெறுநிலம் என்ற எடுகோள்: நவீனத்துவ நகரத் திட்டமும் வாழும் நகர மையங்களும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கி வருவோர் ஆனையிறவு வெளியைக் கடந்ததும் எதிர்கொள்ளும் முதலாவது பெருஞ்சந்தி பரந்தன் ஆகும். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களினூடே முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ–35 வீதி இங்கேதான் பிரிகின்றது. மேற்கே பூநகரிக்குச் செல்லும் வீதியும் இவ்வூரிலிருந்தே தொடங்குகின்றது. 1905இல் முழுமைபெற்ற வடபகுதிப் புகையிரதப் பாதை கண்டி வீதிக்கு அணித்தாக ஓடுகின்றது. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் நெல்லும், இரு கரைகளிலிருந்தும் வரும் மீனும், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஓடும் பாரவூர்திகளும் சந்திக்கும் இடம் இது. பலசரக்குக் கடை, உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை, தேநீர்க் கடை, சைக்கிள் திருத்தகம் என்பன ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. கடைக்கு முன்னால் மரக்கறி பரப்பப்பட்டிருக்கும். அதற்கும் முன்னால் மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் நிற்கும். அதற்கும் முன்னால் பஸ் நிற்கும்.

இக்காட்சியை ஒழுங்கின்மை என்று ஒருவர் கூறலாம். நகரத் திட்டவியல் பயின்ற ஒருவர் அவ்வாறு கூறுவதற்கு அவர் பயின்ற கோட்பாடே காரணமாகவும் இருக்கலாம். அக்கோட்பாடு எது, எத்தகைய சமூகப் பொருளாதாரச் சூழலில் தோன்றியது, ஏற்கெனவே மக்கள் வாழ்ந்து தொழில்புரியும் ஒரு மையத்தின்மீது அது பிரயோகிக்கப்படும்போது நிகழ்வது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பரந்தன் போன்ற சிறிய ஊருக்கும் பரிஸ் மாநகருக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவக்கூடும். தொடர்பு உண்டு என்பதையே பின்வருவன காட்டும்.

1925ஆம் ஆண்டு பரிஸில் நடைபெற்ற அலங்காரக் கலைகளின் பெருங் கண்காட்சியில், லெ கொர்புசியே என்னும் சுவிற்சர்லாந்தில் பிறந்த கட்டடக்கலைஞர் ஒரு திட்டத்தைக் காட்சிக்கு வைத்தார். செயின் நதியின் வடகரையிலுள்ள பழைய பரிஸின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கி, அங்கே சிலுவை வடிவிலான பதினெட்டு வானளாவிகளை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ அறுபது மாடிகள் கொண்டனவாக, எழுப்ப வேண்டும் என்பதே அத்திட்டம். இடையிலுள்ள நிலம் பூங்காவாகவும் பெருவீதிகளாகவும் அமையும். லூவ்ர் போன்ற சில வரலாற்றுச் சின்னங்கள் மாத்திரம் புல்வெளி நடுவே எஞ்சி நிற்கும். திட்டத்துக்கு அவர் இட்ட பெயர் வுவாசான் திட்டம். வுவாசான் என்பது ஒரு கட்டடக்கலைஞரின் பெயரோ பரிஸின் ஒரு தெருவின் பெயரோ அன்று. விமானமும் மோட்டார்க் காரும் உற்பத்திசெய்த ஒரு முதலாளியின் பெயர். மோட்டார்க் கார் பழைய நகரத்தைக் கொன்றுவிட்டது, ஆகவே மோட்டார்க் காரே புதிய நகரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற தருக்கத்தின்படி அவர் கார் உற்பத்தியாளர்களின் ஆதரவை நாடினார். அந்த ஆதரவை நல்கியவர் வுவாசான்.

திட்டம் நிறைவேறவில்லை. ஆயினும் அதன் உட்கிடை உலகெங்கும் பரவிற்று. 1933இல் மார்செய்யிலிருந்து அதென்ஸுக்குச் சென்ற ஒரு கப்பலில் கூடிய நவீனக் கட்டடக்கலைச் சர்வதேச மாநாட்டினர், நகரத்தின் தொழிற்பாடுகள் நான்கு என வகுத்தனர்: வதிதல், தொழில்புரிதல், ஓய்வுகொள்ளல், போக்குவரத்து. முதல் மூன்றுக்கும் தனித்தனி வலயங்கள் ஒதுக்கப்படல் வேண்டும். நான்காவது அவற்றை இணைத்தல் வேண்டும். 1943இல் அதென்ஸ் சாசனம் என்ற பெயரில் வெளிவந்த இக்கருத்துகள், இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐரோப்பாவிலும் காலனித்துவத்தினின்று விடுபட்ட நாடுகளிலும் நகரத் திட்டப் பாடநூல்களின் அடிப்படையாயின. பரந்தன் சந்தியில் கடைக்குப் பின்னால் வீடு இருப்பதும், வீட்டு முற்றத்தில் திருத்தகம் இருப்பதும், வீதியோரம் சந்தையாக இருப்பதும் இந்த நான்கு பெட்டிகளுள் எதனுள்ளும் அடங்குவன அல்ல. அடங்காதவை பிழையானவை எனக் கோட்பாடு கொள்கின்றது.

இக்கோட்பாட்டைத் தனிமனிதர் ஒருவரின் விபரீத மூளையில் உதித்ததாகக் காண்பது வரலாற்று நோக்காகாது. நெரிசலும் காசநோயும் அழுக்கு நீரும் தொழிலாளர் குடியிருப்புகளை வதைத்தமை உண்மை. வெளிச்சமும் காற்றும் எல்லோருக்கும் வேண்டும் என்ற கோரிக்கை முற்போக்கானது. லெ கொர்புசியேயின் சமகாலத்தவருள் இடதுசாரிகள் பலர் அவ்வியக்கத்தில் இணைந்திருந்தமைக்குக் காரணம் அதுவே. அவர் மொஸ்கோவுக்குக் கட்டடம் வரைந்தார். 1930இல் மொஸ்கோவின் மறுசீரமைப்புப் பற்றிய வினாக்களுக்கு அவர் அளித்த விடையிலிருந்தே 'ஒளிரும் நகரம்' என்ற கருத்து வளர்ந்தது. எனவே, வெறுநிலத்தின்மீது நகரத்தைப் புதிதாக எழுதலாம் என்ற மயக்கம் முதலாளித்துவ நாடுகளுக்கு மாத்திரம் உரியது என நாம் தட்டிக்கழித்துவிட முடியாது. எனினும் 1935இல் 'ஒளிரும் நகரம்' நூலாக வெளிவந்தபோது அதனை அவர் அர்ப்பணித்தது தொழிலாளருக்கு அன்று. அதிகாரத்துக்கே அர்ப்பணித்தார். அந்த ஒரு சொல்லில் பல விடயங்கள் அடங்கியுள்ளன.

அதிகாரம் ஏன் தேவைப்படுகின்றது? ஏற்கெனவே உள்ள மையத்தில் நிலம் வெறுமையாக இல்லை. அதனை வெறுமையாக்க வேண்டும். அதற்குச் சட்டமோ நெருப்போ இராணுவமோ வேண்டும். 1853 முதல் 1870 வரை மூன்றாம் நெப்போலியனின் ஆணையின் கீழ் ஒஸ்மான் பரிஸின் தொழிலாளர் குடியிருப்புகளை ஊடறுத்துப் பெருவீதிகளை அமைத்தார். 1872இல் 'வீடமைப்புப் பிரச்சினை' பற்றி எழுதிய ஏங்கெல்ஸ், ஒஸ்மான் என்ற பெயரைத் தனிமனிதர் பெயராகக் கொள்ளாமல், பெருநகர்களின் நடுவே அமைந்த தொழிலாளர் பகுதிகளைப் பிளக்கும் பொதுமுறை ஒன்றின் பெயராகக் கொண்டார். சுகாதாரம், அழகு, போக்குவரத்து என எக்காரணம் கூறப்படினும் முடிவு ஒன்றே என்றும், இழிந்த சந்துகள் ஓரிடத்தில் மறைந்து மற்றோரிடத்தில் உடனே தோன்றுகின்றன என்றும் அவர் எடுத்துக்காட்டினார். நகர மையத்திலுள்ள நிலத்தின் விலை ஏறும்போது அந்நிலத்தின்மீது நிற்கும் வறியவரின் வீடு அவ்விலையை ஏற்றுவதில்லை, குறைக்கின்றது. ஆகவே அது இடிக்கப்படுகின்றது.

லெ கொர்புசியே இதனை மறைக்கவில்லை. நகரமாக்கல் செலவன்று, வருவாய் என்பதே அவரது வாதம். மையத்தில் குடியடர்த்தியைப் பன்மடங்காக்கினால் நிலத்தின் பெறுமதியும் பன்மடங்காகும். அந்த ஏற்றத்திலிருந்தே திட்டத்துக்கான பணம் பிறக்கும் என்று அவர் கணக்கிட்டார். அயல்நாட்டு மூலதனம் பரிஸின் மையத்தில் முதலிடப்படுமாயின், அந்நாடுகள் அதன்மீது குண்டுவீச விரும்பமாட்டா என்றுகூட எழுதினார். வன்னி வாசகர் இவ்வரியை எத்தகைய முகபாவத்துடன் படிப்பர் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் நமது ஆய்வாளர் சிலர் பழந்தமிழர் நகரமைப்பை எடுத்துக்காட்டி, வலயங்களாகப் பிரித்தல் நமக்குப் புதிதன்று எனப் பெருமிதம் கொள்வதுண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டுவது உண்மையே. கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் நெய்வோரும் கொல்லரும் மீன் விற்போரும் இருந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனும் பெருங்குடி வணிகரும் அந்தணரும் இருந்தனர். இப்பகுப்பு தொழிற்பாட்டுப் பகுப்பு மாத்திரமன்று. உழைப்பவர், உழைப்பின் பயனைத் துய்ப்பவர் என்ற பகுப்பும் ஆகும். அதனை முன்மாதிரியாகக் கொள்வது அப்பகுப்பையும் ஏற்பதாகும். ஆனால் மற்றொரு செய்தியைப் பெருமிதக்காரர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இரு பாக்கங்களுக்கும் இடையே, மரங்களின் நிழலில், நாளங்காடி இருந்தது. கூறுபட்ட அந்நகரத்தின் இரு பகுதியினரும் ஒருவரை ஒருவர் சந்தித்தது அங்கேதான். நகர மையம் என நாம் இன்று கூறுவதன் உயிர்நிலை அது: பிரித்துவைக்கப்பட்டவர்கள் பொருளின் நிமித்தம் கூடும் இடம்.

வாழும் நகரத்தைத் திருத்துவதற்கு வேறு வழிகள் இருந்தனவா? தமிழ்நாட்டிலே இருந்தன. மதுரைக் கோட்டையின் மதில்களை 1840களை ஒட்டிய காலப்பகுதியில் இடிப்பித்த கலெக்டர் பிளாக்பேர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்த்தவர்களுக்கு அந்நிலத்திலேயே மனை கிடைக்கும்படி செய்தார். மதில் நின்ற இடம் வெளி வீதிகளாயிற்று. அப்பணியில் ஈடுபட்டோரின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றும் வழங்குகின்றன. காலனித்துவ ஆட்சியின் நோக்கம் வேறாக இருக்கலாம். எனினும் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என விரிந்து சென்ற பழைய வீதி ஒழுங்கை அது உடைக்கவில்லை, மேலும் ஒரு சுற்றாக நீட்டியது.

இதனினும் முக்கியமானது பற்றிக் கெடிஸின் பணி. உயிரியலாளரான இந்த ஸ்கொத்லாந்துக்காரர் 1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பில் இந்தியா வந்தார். அவர் தம் வாழ்நாளில் திரட்டிய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்தெம்பரில் சென்னைமீது குண்டு வீசி, தமிழ் மொழிக்கு ஒரு புதுச் சொல்லையும் வழங்கிய அதே எம்டன்தான். பொருள்களை மீண்டும் திரட்டிக்கொண்டு, மாகாணத்தின் நகரங்கள் பலவற்றைக் கெடிஸ் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தார். 1915இல் அவர் அளித்த அறிக்கைகளுள் தஞ்சைக் கோட்டைப் பகுதி பற்றியது இன்றும் படிக்கத்தக்கது. நெரிசல் மிக்க அப்பகுதியை ஊடறுத்து நேர்வீதிகள் அமைக்க ஒரு திட்டம் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. கெடிஸ் சந்துசந்தாக நடந்து, எந்த வீடு பாழடைந்தது, எந்த மூலையில் மரம் நிற்கின்றது, எந்த ஒழுங்கையை இரண்டடி அகட்டினாற் போதும் எனக் குறித்தார். பாழான சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களைச் சிறு முற்றங்களாக்கி, பெரும்பாலான வீடுகளை நின்றபடியே நிற்கவிட்டார். நேர்வீதித் திட்டத்தின் செலவில் ஒரு சிறுபங்கே இதற்குப் போதும் என்றும் காட்டினார். இம்முறையை அவர் 'காக்கும் அறுவைச் சிகிச்சை' என அழைத்தார். நோயை அறியாமல் கத்தியை எடுக்கலாகாது என்பது அதன் சாரம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. அவர் 1921இல் கொழும்புக்கும் ஓர் அறிக்கை வரைந்தார்.

கெடிஸை நாம் வழிபட வேண்டியதில்லை. தஞ்சையின் தெருக்கள் சாதியின் தெருக்கள் என்பதை அவர் கண்டார்; ஆனால் அதனை ஒரு பண்பாட்டு அமைதியாகவே கண்டார், சுரண்டலின் இடவடிவமாகக் காணவில்லை. வீட்டைக் காக்கலாம் என்றவர், அவ்வீட்டின் நிலம் யாருடையது என்ற வினாவின் அருகே செல்லவில்லை. நகரம் ஓர் உயிரி என்ற அவரது உவமை, உயிரியின் உறுப்புகளுக்கிடையே வர்க்க முரண்பாடு இருக்க முடியாது என்ற மயக்கத்தையும் உடன் கொண்டுவருகின்றது. ஆயினும் நடந்து பார்த்தபின் வரைதல் என்ற ஒழுக்கம் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. அவரது இந்திய அறிக்கைகளை 1947இல் தொகுத்து வெளியிட்ட ஜக்குலின் ரிர்விற், அதென்ஸ் சாசனத்தை உருவாக்கிய அதே மாநாட்டு இயக்கத்தைச் சேர்ந்தவர். 1951இல் இங்கிலாந்தில் கூடிய அவ்வியக்கத்தின் எட்டாவது மாநாட்டின் பொருள் 'நகரத்தின் இதயம்' என்பது. நான்கு தொழிற்பாடுகளைக் கூட்டினால் நகரம் வந்துவிடாது, ஐந்தாவதாக ஏதோ ஒன்று விடுபட்டுவிட்டது என அவர்களே ஒப்புக்கொண்டதன் அடையாளமாக அம்மாநாட்டைக் கொள்ளலாம். அதே காலத்தில் லெ கொர்புசியே பஞ்சாபில் சண்டிகார் நகரை வரைந்துகொண்டிருந்தார். அதுவும் வெறுநிலமன்று, பல கிராமங்கள் அகற்றப்பட்ட நிலம். வரைபடத்தில் இடம்பெறாத தள்ளுவண்டி வணிகர் அங்கே விரைவில் தோன்றினர், பின்னர் தமக்கெனச் சந்தைகளையும் பெற்றனர்.

இலங்கையில் இக்கோட்பாடு தன் முழு வலிமையுடன் வெளிப்பட்டது கொழும்பிலேயே. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. அதே ஆட்சியில் பாராளுமன்றம் கோட்டேக்குப் பெயர்ந்தது. திறந்த பொருளாதாரக் கொள்கைக்குக் கொழும்பின் மைய நிலம் தேவைப்பட்டது என்பது இவ்விரு நிகழ்வுகளையும் இணைக்கும் சரடாகும். 2010இல் அச்சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. லெ கொர்புசியேயின் அர்ப்பணம் நினைவுக்கு வருவது தவிர்க்க முடியாதது. அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மையப் பகுதிகளிலிருந்து வனாத்தமுல்லை, தெமட்டகொடை முதலிய இடங்களில் எழுந்த மாடித் தொகுதிகளுக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு வீடும் ஏறத்தாழ 400 சதுர அடி. அதற்காகக் குடும்பம் பல ஆண்டுத் தவணையில் ஏறத்தாழ 10 இலட்சம் ரூபா செலுத்த வேண்டியிருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்ந்த கொம்பனித்தெருவில், இடிபட்ட சில இடங்களிலும் பேரை வாவியின் கரையிலும் ஆடம்பர வானளாவிகள் எழுந்தன.

இடம்பெயர்க்கப்பட்டோருக்குக் கழிவறையும் குழாய்நீரும் கிடைத்தமை சிறிய விடயமன்று. தோட்டங்களில் ஒரு கழிவறைக்கு வரிசையில் நின்ற பெண்கள் அதனை அறிவர். ஆனால் பன்னிரண்டாம் மாடியில் வாழும் ஒருவர் இடியப்பம் அவித்து யாருக்கு விற்பார்? மூன்று சக்கர வண்டிக்காரர் தம் வண்டியைக் கண்முன் நிறுத்துவது எங்ஙனம்? இவை நகைப்புக்குரிய வினாக்களல்ல. தெரு என்பது சிறு உற்பத்தியாளரின் உற்பத்திச் சாதனம். நெசவாளிக்குத் தறி எப்படியோ அப்படியே பிட்டு விற்பவளுக்கு வாசற்படி. வதிதலையும் தொழில்புரிதலையும் வெவ்வேறு வலயங்களாகப் பிரித்தபோது கோட்பாடு அவளிடமிருந்து அச்சாதனத்தைப் பறித்தது. நட்டஈட்டுப் பத்திரத்தில் அதற்கு ஒரு நிரல் இல்லை.

இனிப் பரந்தனுக்கு மீள்வோம். நவீனத்துவவாதிகள் பரிஸில் கனவுகண்ட வெறுநிலத்தை வன்னியில் போர் மெய்யாகவே உண்டாக்கியது. 2009 சனவரித் தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் அரச படைகளின் வசமாயின. அதற்கு முன்னரே மக்கள் ஏ–35 வழியே கிழக்கு நோக்கிப் பெயர்ந்துவிட்டனர். அவ்வீதியில் அவர்கள் சென்ற திசையும் அதன் முடிவும் நாமறிந்தவை. முகாம்களிலிருந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது, கூரையற்ற சுவர்களும் பற்றைகளுமாகக் கிடந்த இந்நிலத்தில் எதனையும் எங்கும் வரையலாம் என்றே தோன்றியிருக்கும். ஆனால் கடைகள் திரும்பவும் அதே சந்தியிலேயே முளைத்தன. முதலில் தகரமும் கிடுகும், பின்னர் சீமெந்துக் கல்லும். வீதிகள் கூடும் இடம் மாறவில்லை. இரணைமடு நீர் பாயும் வயல்களும் மாறவில்லை. 2013இல் கிளிநொச்சிக்கும் அடுத்த ஆண்டு பரந்தன் வழியாகப் பளைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. கட்டடங்கள் அனைத்தும் அழிந்த பின்னரும் ஒரு மையம் எஞ்சியிருந்தது என்பதை இது உணர்த்துகின்றது. உற்பத்திக்கும் பரிமாற்றத்துக்கும் இடையிலான உறவுகளின் முடிச்சாகவே மையம் இருந்தது. கட்டடம் அதன் ஓடு.

அம்முடிச்சை அறியாத திட்டம் எவ்வாறு அமையும் என்பதற்கு 2015ஐ அடுத்து வந்த இரும்பு வீட்டுத் திட்டம் உதாரணம். வடக்கிலும் கிழக்கிலும் 65,000 முன்தயாரிப்பு உலோக வீடுகளை ஆர்சலர்மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்தின் மூலம் அமைக்க அரசு முற்பட்டது. ஒரு வீட்டின் விலை இருபது இலட்சம் ரூபாவுக்கும் மேல். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பம் 550,000 ரூபா உதவியைக் கொண்டு, தன் உழைப்பையும் கடனையும் சேர்த்து, கல்வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீடு வாழ்வதற்கான யந்திரம் என்ற லெ கொர்புசியேயின் கருத்து, தொழிற்சாலையில் செய்து கப்பலில் ஏற்றக்கூடிய சரக்காக நம் வாசலுக்கு வந்தது. வெப்பம், பழுதுபார்த்தல், நீட்டிக் கட்ட முடியாமை எனப் பொறியியலாளர் எழுப்பிய வினாக்கள் ஒருபுறமிருக்க, பொருளியலாளர் எழுப்பிய வினா கூர்மையானது: அந்தப் பணம் மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லரிபவனுக்கும் மணல் ஏற்றுபவனுக்கும் கிடைக்காமல் எங்கே போகின்றது? எதிர்ப்பின் விளைவாக அத்திட்டம் கைவிடப்பட்டது. நம் பிரதேசத்தில் மக்களும் அறிஞரும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தடுத்த அரிய சந்தர்ப்பங்களுள் அது ஒன்று.

அண்மைய ஆண்டுகளில் பரந்தனில் கைத்தொழில் வலயம் அமைக்கும் எண்ணத்தை அரசு அறிவித்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் அரசினால் நிறுவப்பட்டு, 1980களின் நடுப்பகுதியில் போர்ச்சூழலால் நின்றுபோயிற்று. வன்னியில் கூலித் தொழிலாளர் வர்க்கம் ஒன்று உருவாவதற்கு வித்திட்டவற்றுள் அது முதன்மையானது. தொழிற்சாலை மீள்வது நல்லது. ஆனால் வலயம் வருமாயின் சந்தியின் நில விலை ஏறும். விலை ஏறினால் வீதி அகலிப்பும், பஸ் நிலையமும், கண்ணாடி முகப்புக் கடைத்தொகுதியும், அழகுபடுத்தலும் வரைபடத்தில் வரும். அப்போது யார் எதனைக் காட்டி உரிமை கோருவர்? வன்னியின் காணிகளுள் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. உறுதியும் பத்திரமும் இடப்பெயர்வில் தொலைந்தோர் பலர். கடையை வாடகைக்கு எடுத்தவரிடம் துண்டுக் காகிதமே இருக்கும். நடைபாதையில் மரக்கறி பரப்பும் பெண்ணிடம் அதுவும் இல்லை. வரைபடம் காகிதத்தில் உள்ளவற்றையே காண்கின்றது.

ஆகவே பரந்தன் சந்திக்கு எவரேனும் வரைபடம் வரைய முற்படின், அதற்கு முன்னர் குறிக்கப்பட வேண்டியவை சில உள. காலை எந்நேரத்தில் பூநகரி மீன் வருகின்றது, அது எவ்விடத்தில் கைமாறுகின்றது. அறுவடை மாதங்களில் நெல் மூட்டைகள் எவ்விடத்தில் இறக்கப்படுகின்றன, ஏற்றுவோர் எந்த மரத்தடியில் வேலைக்காகக் காத்திருக்கின்றனர். கடைக்குப் பின்னால் எத்தனை குடும்பங்கள் உறங்குகின்றன. முல்லைத்தீவு பஸ்ஸுக்காக நிற்கும் முதியவர் எங்கே இருக்கின்றார். கெடிஸ் தஞ்சையில் செய்தது போன்ற நடைவேலை இது. இதனுடன் அவர் கேளாத வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: சந்தியின் ஒவ்வொரு துண்டு நிலமும் யாருடைய பெயரில் உள்ளது, யாருடைய உழைப்பில் நிற்கின்றது. இவ்விரண்டு நிரல்களையும் பக்கத்தில் பக்கமாக எழுதிய அளவைப் படம் ஒன்றை நம் பல்கலைக்கழக மாணவர் ஒரு விடுமுறைக் காலத்தில் ஆக்கிவிடலாம். அடுத்த சிறுபோக அறுவடைக்கு முன்னர் தொடங்கின், நெல் வண்டிகளையும் அதில் குறித்துக்கொள்ளலாம்.